பெரியவர்களுக்கு ஆட்டிசம் மதிப்பீடு: டாக்டரிடம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

31 வயதில் முதல்முறை டாக்டரிடம் போனபோது நான் சொன்னது இவ்வளவுதான்: "தூக்கம் வரல சார், டென்ஷனா இருக்கு." மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை, வெளியே கூட்டம், எனக்குக் கிடைத்தது நான்கு நிமிடம். தூக்க மாத்திரையோடு வீடு திரும்பினேன். சொன்னதற்குத்தானே அவர் மருந்து எழுத முடியும்? அதனால் உட்கார்ந்ததும் முதல் பேச்சே இதுவாக இருக்கட்டும்: "எனக்கு ஆட்டிசம் இருக்குமோன்னு சந்தேகம். பெரியவங்களுக்கான மதிப்பீடு செய்யணும், யார்கிட்ட போகணும்னு எழுதிக் கொடுங்க." தூக்கம், டென்ஷன் எல்லாம் அப்புறம் சொல்லலாம், ஆனால் கட்டாயம் சொல்லுங்கள், சாப்பிடுகிற மாத்திரையையும் மறைக்க வேண்டாம். பதற்றமும் மனச்சோர்வும் ஆட்டிசத்தோடு சேர்ந்தே இருக்கலாம்.

"சரி, ஏன் சந்தேகம்?" என்று கேட்பார். இங்கே "ரீல்ஸ் பாத்தேன், எல்லாம் எனக்கு அப்படியே பொருந்துது" என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. ஆட்டிசம் இருக்கலாமா என்று முதல்கட்டமாகப் பார்க்க ஏக்யூ-10 என்று பத்துக் கேள்விகள் இருக்கின்றன, அதில் ஆறு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தாலும், மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றுதான் பொருள், ஆட்டிசம் உறுதி என்று அல்ல. டாக்டருக்குத் தேவை சம்பவங்கள். இரண்டாம் முறை போனபோது கோடு போட்ட நோட்டில் ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். பந்தியில் ரசம் ஓடிப் பொரியலைத் தொட்டுவிட்டால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன், இன்றைக்கும். மாட்டுத்தாவணியில் ஏர்ஹாரன் விடாமல் அடித்தால் எந்த பஸ்ஸுக்கு வந்தேன் என்பதே மறந்து நிற்பேன். "முடிஞ்சா இன்னிக்குப் பாருங்க" என்று மேலாளர் சொன்னால் இன்றைக்கே முடிக்கச் சொல்கிறார் என்று புரியாது, அதனாலேயே இரண்டு வேலை போனது. டாக்டர் அந்தப் பக்கத்தை வாங்கி முழுசாகப் படித்தார்.

சின்ன வயதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போவதுதான் பெரிய தவறு என்பேன். ஆட்டிசம் பிறகு வந்து ஒட்டிக்கொள்வதில்லை, அடையாளங்கள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும், அதை மதிப்பீட்டில் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். அம்மாவிடம் கேட்டால் "நீ ரொம்ப சமத்து, ஒரு தொந்தரவும் இல்ல" என்றுதான் வரும். அங்கேயே நிறுத்தாதீர்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார், அப்புறம் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அழகர் ஆத்துல எறங்குறப்ப தண்ணி பீய்ச்சுவாங்கல்ல, சட்டையில பட்டுருச்சுன்னு கோரிப்பாளையம் வரைக்கும் கத்திக்கிட்டே வந்த, சட்டையைக் கழட்டுனதும்தான் அடங்குன. ஒரு வருஷம் இல்லடா, எல்லா வருஷமும்" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன். அம்மா இல்லையென்றால் பெரியம்மா, அத்தை, அக்கா, யாராவது ஒருவருக்கு ஞாபகம் இருக்கும். பழைய ரேங்க் கார்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நமக்கே தெரியாமல் செய்வது. டாக்டர் முன்னால் கண்ணைப் பார்த்து, சிரித்து, சரியான இடத்தில் தலையாட்டி அழகாகப் பேசிவிடுகிறோம், பெண்கள் இதில் இன்னும் பழகியிருக்கிறார்கள், வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறோம். அந்தக் கதவு சாத்தியதை அவர் பார்க்கவில்லையே! "இப்படிப் பேசுறதுக்கு ராத்திரி பூரா ஒத்திகை பாத்துட்டு வந்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"வேலை பாக்குறீங்க, கல்யாணமும் ஆயிருச்சு, உங்களுக்கு எப்படி ஆட்டிசம்?" இந்தக் கேள்வி வரும். சண்டை போடவும் வேண்டாம், எழுந்து வந்துவிடவும் வேண்டாம். "மதிப்பீடு பண்றவங்க இல்லைன்னு சொன்னா ஏத்துக்கிறேன் சார், அனுப்பி மட்டும் வைங்க" என்றால் போதும். அப்படியும் எழுதித் தரவில்லையா, மனம் விட வேண்டாம், மதுரையில் என்றால் ராஜாஜி அரசு மருத்துவமனைக்குக் காலையில் போய் மனநலப் பிரிவுக்கு நேராகவே ஓபி சீட்டு போடலாம்.

ஆட்டிசம் என்று போர்டு இருக்கிற எல்லா இடத்துக்கும் ஓட வேண்டாம். பெரும்பாலும் குழந்தைகளுக்கான தெரபி மையங்கள் அவை. 18 வயதுக்கு மேல் பார்ப்பார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை, அல்லது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டை. ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ ஆட்டிசம் தெரியாது, அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எடுத்த எடுப்பில் சான்றிதழ் கேட்பதும் காரியத்தைக் கெடுக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் உண்டு, ஆனால் பல சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீத பாதிப்பு வேண்டும், அதைக் கணக்கிடுவது தனி வேலை. ஆட்டிசம் இருக்கிறது என்று தெரிந்தும் அந்தச் சதவீதம் வராமல் போகலாம். முதலில் இருக்கிறதா இல்லையா என்பது தெரியட்டும்.

எழுதித் தந்த சீட்டை வெளியே வந்ததுமே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நோட்டுப் பக்கத்தையும் சேர்த்து. அடுத்த முறை போகும்போது நாற்காலியில் வேறு டாக்டர் இருப்பார்.