பாதியில் நின்ற தோட்டா

என் பழைய .22 (0.22 அங்குலக் குழல்) ரிவால்வரில் ‘லாங் ரைஃபிள்’ என்ற நீளமான வகைத் தோட்டாக்கள் திடீரென்று முழுதாக உள்ளே போக மறுத்தன. பின்விளிம்பு வெளியே துருத்திக்கொண்டதால் தோட்டாக்களைத் தாங்கும் உருளை சுழலவில்லை. உருளையே கெட்டுவிட்டதோ என்று ஒரு வாரம் கவலைப்பட்டதுதான் மிச்சம்.

விஷயம் வேறு. உதைப்பும் சத்தமும் குறைவு என்று சில மாதங்களாக அதில் .22 ஷார்ட் என்ற குட்டைத் தோட்டா மட்டுமே சுட்டிருந்தேன். 1857-இல் வந்த ஷார்ட்டின் பித்தளைக் கூடு சுமார் 10.7 மி.மீ.; 1887-இல் வந்த லாங் ரைஃபிளுக்கு 15.6 மி.மீ. குட்டைக் கூடு முடிகிற இடத்துக்கு முன்னால் கரியும் ஈயமும் வளையமாகப் படிந்திருந்தன. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

துப்பாக்கி காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு உருளையைக் கழற்றினேன். தோட்டா உட்காரும் அறைகளில் கரைப்பான் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். அப்புறம் வெண்கல பிரஷ். ஐந்து அறைகள் வழிக்கு வந்தன. ஆறாவது அடம்பிடித்து இரவெல்லாம் ஊறியது. எஃகு பிரஷ் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது (சபலம் யாரை விட்டது!), ஆனால் தொடவில்லை. அறைச் சுவரில் கீறல் விழுந்தால் சுட்ட கூடு ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் தோட்டா தன் எடையிலேயே உள்ளே இறங்கியது. இப்போதெல்லாம் ஷார்ட் சுட்டால் அன்றே தேய்த்துவிடுகிறேன்.