பொங்கல் சீசனும் எங்கள் கபடி டீமும்: என் அனுபவம்

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் கபடி டீமுக்கு நான்தான் கேப்டன். போன பொங்கலுக்கு ஆறு நாளில் நாலு ஊர்ப் போட்டிகளை ஒப்புக்கொண்டேன். காரிமங்கலத்தில் விடிய விடிய ஆடிவிட்டு, மறுநாள் சாயங்காலமே காவேரிப்பட்டினம். மூன்றாவது ராத்திரி எங்கள் முதல் ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவன், நடுக்கோட்டிலேயே நின்றுவிட்டான். தொடையைத் தொட்டுப் பார்த்தேன், கட்டை மாதிரி இருந்தது. "அண்ணா, ரெய்டுக்குப் போகவே பயமா இருக்கு" என்றான். வலியைவிட அந்தப் பயம்தான் என்னை உலுக்கியது.

நான் செய்த தப்பு, அதே ஏழு பேரையே கடைசிவரை ஆட வைத்தது. மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் வெளியே உட்கார்ந்தே இருந்தார்கள். கடுமையாக ஆடினால் தசைவலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். சரியாக அந்த நேரத்தில்தான் நாங்கள் மறுபடி களத்தில் இருந்தோம்.

இந்த வருஷம் இரண்டே போட்டி, நடுவில் மூன்று நாள் ஓய்வு. பத்துப் புள்ளி முன்னால் இருந்தால் இரண்டாம் பாதியில் மாற்று ரெய்டரை இறக்கினேன். ஆட்டம் முடிந்த கையோடு உப்புப் போட்ட மோர், அப்புறம் ராகிக் களியும் முட்டைக் குழம்பும். வேனில் ஏறியதும் எல்லார் போனையும் வாங்கி வைத்துவிடுவேன், தூங்கட்டும் என்று. எல்லாவற்றையும்விட அந்தத் தூக்கம்தான் பெரிய மருந்து.

பரிசுப் பணம் குறைந்ததில் சிலருக்கு வருத்தம்தான். ஆனால் ஃபைனலில் கடைசி ரெய்டை அந்தத் தம்பியே கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.