கணிதமா கம்ப்யூட்டரா: பட்டமும் துணைப்பாடமும் தேர்ந்தெடுப்பது எப்படி?

மேத்ஸும் பிடிக்கும், கம்ப்யூட்டரும் பிடிக்கும் என்று பிளஸ் டூ முடித்துவிட்டு நிற்பவர்களுக்கான குறிப்பு இது. தமிழ்நாட்டில் இந்த இரண்டையும் பல பெயர்களில் விற்கிறார்கள். பெயரைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கணிதத்திலிருந்து கம்ப்யூட்டர் பக்கம் போகலாம், திரும்பி வருவது கடினம். ஏறக்குறைய ஒருவழிப் பாதை.

படி 1: முதுகலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

எம்.சி.ஏ. என்ற கம்ப்யூட்டர் முதுகலை இப்போது 2 ஆண்டுப் படிப்பு. அதில் சேர, பொதுவாக பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் இருக்க வேண்டும். ஆகவே பி.எஸ்சி. கணிதம் முடித்தவர் டான்செட் என்ற மாநில நுழைவுத்தேர்வு எழுதித் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும், நிம்செட் என்ற என்.ஐ.டி. நுழைவுத்தேர்வு எழுதித் திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களிலும் சேரலாம்.

எதிர்த்திசையில் பாருங்கள். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. கணிதம் படிக்க ஜாம் என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். கூடவே, பட்டப்படிப்பில் குறைந்தது 2 ஆண்டு அல்லது 4 பருவம் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று பல ஐ.ஐ.டி.கள் கேட்கின்றன. பி.சி.ஏ.வில் துணைப்பாடக் கணிதம் பெரும்பாலும் 2 பருவத்தோடு முடிந்துவிடும். தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தாலும் சேர்க்கையில் இடிக்கும். அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக விரும்பினால் இன்னும் கறார்: இளங்கலை, முதுகலை இரண்டும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘கிராஸ் மேஜர்’ என்று தள்ளிவிடுவார்கள்.

எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகவில்லையா? பி.எஸ்சி. கணிதமே பாதுகாப்பு.

படி 2: பாடத்திட்டத்தை இறக்கி, தாள்களை எண்ணுங்கள்

கல்லூரியின் விளம்பரக் கையேட்டை நம்பாதீர்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரித் தளத்திலும், மற்றவற்றுக்குப் பல்கலைக்கழகத் தளத்திலும் பாடத்திட்டம் கிடைக்கும். பகுதி 3 என்ற தலைப்பின் கீழ்தான் முதன்மைப் பாடமும் துணைப்பாடமும் இருக்கும். அதை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கணிதப் பட்டத்தில் மெய்ப் பகுப்பாய்வு, அருவ இயற்கணிதம், நேரியல் இயற்கணிதம், கலப்பெண் பகுப்பாய்வு நான்கும் தனித்தனித் தாளாக இருக்க வேண்டும். ஜாம் தேர்வுக் கேள்விகளில் பெரும்பங்கு முதல் மூன்றை நம்பித்தான் இருக்கிறது. இவை பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான் வரும். ஜாம் தேர்வோ வழக்கமாக அந்த ஆண்டின் பிப்ரவரியிலேயே நடந்துவிடும். ஆறாம் பருவத் தாளை வகுப்பில் முடிப்பதற்கு முன்பே தேர்வு எழுத வேண்டியிருக்கும். எனவே இரண்டாம் ஆண்டு விடுமுறையில் முன்கூட்டிப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கம்ப்யூட்டர் பட்டத்தில் தேட வேண்டியவை: டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், டிஸ்கிரீட் மேத்ஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க். சி, ஜாவா, பைத்தான் என்று மொழிக்கு ஒரு தாள் வைத்துவிட்டு அல்காரிதம் தாளே இல்லாத பாடத்திட்டங்கள் உண்டு. அங்கே சேர வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மொழியை வீட்டிலிருந்தே கற்கலாம், அல்காரிதத்துக்கு ஆசிரியர் வேண்டும்.

படி 3: துணைப்பாடத்தைச் சேரும் முன்பே கேளுங்கள்

‘அலைடு’, அதாவது துணைப்பாடம், என்ன என்பதைப் பல கல்லூரிகளில் மாணவர் தேர்ந்தெடுப்பதில்லை. துறை முடிவு செய்கிறது. சில இடங்களில் காலை ஷிஃப்டுக்கு ஒன்று, மாலை ஷிஃப்டுக்கு வேறொன்று. பின்னால் மாற்ற முடியாது. டேட்டா சயின்ஸ் எண்ணம் இருந்தால் புள்ளியியல் துணைப்பாடம் உள்ள இடத்தைப் பிடியுங்கள். இயற்பியல் என்றால் செய்முறைத் தேர்வும் ரெக்கார்டு நோட்டும் சேர்ந்தே வரும்.

படி 4: பி.இ. படிப்பவர்களுக்கு மைனர்

தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் மாதிரிப் பாடத்திட்டப்படி, பட்டத்துக்கு வழக்கமாகத் தேவைப்படும் கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) மேல் 18 முதல் 20 கிரெடிட் வேறொரு துறையில் எடுத்தால் மைனர் கிடைக்கும். பொதுவாக அது 6 தாள் அளவு. சிக்கல் வருவது மூன்று இடங்களில். ஒன்று, முதன்மைத் துறையின் லேப் நேரத்தோடு மைனர் வகுப்பு மோதும். இரண்டு, அரியர் இருந்தால் பல கல்லூரிகள் அனுமதிப்பதில்லை. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடமான என்.பி.டி.இ.எல். சான்றிதழைக் கிரெடிட்டாக மாற்ற, பதிவு செய்யும் முன்பே துறையின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு அசைன்மென்டில் 25க்கு 10, நேரடித் தேர்வில் 75க்கு 30 என இரண்டிலும் தனித்தனியே எடுத்தாக வேண்டும்.

கணிதத்தில் மைனர் வாங்கினாலும் கணிதப் பட்டதாரி ஆக மாட்டீர்கள். படி 1இல் சொன்ன ஆசிரியர் பணிக்கு அது உதவாது.

படி 5: இரண்டும் முழுதாக வேண்டுமென்றால்

சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம், அதாவது சி.எம்.ஐ., கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் நடத்துகிறது. நுழைவுத்தேர்வில் முதல் பகுதி குறுவிடை. அதில் வெட்டு மதிப்பெண்ணைத் தாண்டினால்தான் நிறுவல்கள் எழுதும் இரண்டாம் பகுதியைத் திருத்துவார்கள். பழைய வினாத்தாள்கள் அவர்கள் தளத்திலேயே இருக்கின்றன. விடை சரியாக வந்தால் போதாது, ஏன் சரி என்று வரிவரியாக எழுதிப் பழக வேண்டும். நீட், ஜே.இ.இ. பயிற்சியில் இந்தப் பழக்கம் வராது.

இன்னொன்று, சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ். ஜே.இ.இ. தேவையில்லை, 4 வாரம் 4 பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். 114 கிரெடிட்டில் பி.எஸ்சி. பட்டத்தோடு வெளியேறலாம், 142இல் பி.எஸ். பட்டம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022இல் அனுமதித்ததால், உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். முதலில் ஒரு பருவத்துக்கு 2 பாடம் மட்டும் எடுங்கள். 4 எடுத்துவிட்டுக் கல்லூரி மாடல் தேர்வு வாரத்தில் திணறுவது வாடிக்கை.

விண்ணப்பிக்கும்போது

அரசு கலைக் கல்லூரிகளில் மொழிப்பாடம் நீங்கலாக 4 பாடங்களின் கூட்டுத்தொகை, 400க்கு, தரவரிசையைத் தீர்மானிக்கும். பொறியியலில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கட் ஆஃப். வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு பி.எஸ்சி. கணிதத்தில் பெரும்பாலும் இடமில்லை, பி.சி.ஏ.வில் கேட்டுப் பாருங்கள்.

‘கணினிப் பயன்பாட்டுடன் கணிதம்’ போன்ற புதுப் பெயருள்ள பட்டத்தில் சேர்வதென்றால், அது பி.எஸ்சி. கணிதத்துக்கு இணையானது என்ற அரசாணையின் எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கட்டணம் கட்டுங்கள்.