குட்டி பெருகப் பொலிகிடாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் ரப்பர் தோட்டத்து ஓரம் மூன்று நான்கு ஆடுகளைக் கட்டிப் பலா இலை போட்டு வளர்ப்பவர்கள், கொழுத்த கிடாவைக் கண்டதும் பொலிகிடாவாக, அதாவது பெட்டைகளோடு இணை சேர்க்க வைக்கும் கிடாவாக, விலை பேசிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அதன் தாயை. இரட்டைக் குட்டி போடும் இயல்பு குறைந்த அளவிலேயே மரபு வழி இறங்குவதால், மலபாரி இன ஆடோ நாட்டு ஆடோ, ஒருமுறை இரட்டை ஈன்றதை மட்டும் நம்பாமல், தொடர்ந்து மூன்று ஈற்றிலாவது இரட்டை ஈன்று, அவற்றைப் பால் குறையாமல் வளர்த்த ஆட்டின் கிடாக்குட்டியையே பொலிக்கு வைக்க வேண்டும். அதன் இரு விரைகளும் இறங்கி, ஒரே அளவில், தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கிய கிடாவை, எவ்வளவு அழகாக இருந்தாலும், கழித்துவிடுங்கள்.

கொம்பில்லாத கிடாவைக் கொம்பில்லாத பெட்டையோடு சேர்க்காதீர்கள். கொம்பின்மைக்கான மரபணுவைத் தாய், தந்தை இரு பக்கமும் பெறும் பெட்டைக் குட்டிகள் இருபால் தன்மையுடன் மலடாகிவிடக்கூடும். இரண்டில் ஒன்றுக்குக் கொம்பு இருந்தால் போதும்.

ஒரே கிடா நெடுநாள் நின்றால் மகளோடும் பேத்தியோடும் சேர்ந்து, சினை பிடிப்பதும் குட்டி பிழைப்பதும் குறையும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உறவில்லாத கிடாவை மாற்றி, சேர்த்த தேதி, ஈன்ற தேதி, குட்டிகளின் எண்ணிக்கை, தாய் தந்தை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள் என்பதால், தேதி வெகுவாகப் பொருந்தாவிட்டால் மேய்ச்சலில் வேறு கிடா சேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.