காலி கேனுக்கு அரை மணி நேரம்: நியூட்ரான் சிதறலில் நான் செய்த தவறுகள்

போன வாரம் ஒரு புது மாணவர் பேரியம் டைட்டனேட் என்ற படிகத்தூளின் பிடிஎஃப் வரைபடத்தை (நியூட்ரான் சிதறலிலிருந்து கணக்கிட்டு, அணு ஜோடிகளுக்கு இடையிலான தூரங்களைக் காட்டுவது) நீட்டி, "அண்ணா, இங்கே புதுசா ஒரு டைட்டானியம்–ஆக்சிஜன் தூரம் தெரியுது" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே உற்சாகத்தோடு இதே இடத்தை ஒரு காலத்தில் நானும் காட்டியவன். கோப்புக்குப் பெயர் மாற்றி வைப்பது மாதிரியான தவறுகள் தானே சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

பள்ளத்தைப் பார்த்துப் பயப்படுவது

ஓர் அணு நியூட்ரானை எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கிறது என்பதைச் சொல்வது சிதறல் நீளம். டைட்டானியத்துக்கு அது எதிர்க்குறி கொண்டது, சுமார் −3.4 ஃபெம்டோமீட்டர். ஆக்சிஜனுக்கு +5.8. இரண்டையும் பெருக்கினால் எதிர்க்குறி வருவதால் இந்த ஜோடி வரைபடத்தில் மேடாக வராது, பள்ளமாகத்தான் வரும். பின்னணியைத் திருத்தி அதை மேலே தூக்கப் பார்க்காதீர்கள்.

ஈரம்

ஈரத்தில் இருக்கும் ஹைட்ரஜனின் ஒத்திசைவற்ற சிதறல் தரும் பின்னணி எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். தூளை உலர்த்துங்கள்.

காலி கேனில் கஞ்சத்தனம்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எனக்குக் கிடைத்தது மூன்று நாள் நியூட்ரான் கற்றை நேரம். மாதிரிக்கு ஒவ்வொரு வெப்பநிலையிலும் எட்டு மணி நேரம் கொடுத்தேன். தூளை அடைத்து வைக்கும் வனேடியம் கேனைக் காலியாக அளக்க, சாப்பிடப் போன நேரத்தில், அரை மணி. "வெறும் கேன்தானே!"

கியூ (சிதறும்போது நியூட்ரானின் உந்தம் எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு, அலகு ஆங்ஸ்ட்ரமின் தலைகீழ்) பெரிதாகும்போது அமைப்பு தரும் சிக்னல் ஒரு சன்னமான நெளிவுதான். கேனின் அளவீட்டைக் கழிக்கும்போது அதன் இரைச்சலும் நெளிவோடு சேர்ந்துகொள்கிறது. அப்புறம் தரவைத் தூரங்களாக மாற்றும் ஃபூரியர் மாற்றத்துக்கு முன் எல்லாவற்றையும் கியூவால் பெருக்குகிறோம். கியூ 40-இல் உள்ள இரைச்சல் 20-இல் உள்ளதைப்போல் இரண்டு மடங்காகிறது. என் தரவில் 25-க்கு மேல் புல் முளைத்த மாதிரி வெறும் இரைச்சல். வேறு வழியின்றி அங்கேயே வெட்டினேன்.

வெட்டினால் போலி அலைகள் வரும். அவற்றின் இடைவெளி 2π-ஐ 25-ஆல் வகுத்தது, அதாவது 0.25 ஆங்ஸ்ட்ரம். பேரியம் டைட்டனேட்டில் உண்மையான இரண்டு டைட்டானியம்–ஆக்சிஜன் தூரங்கள் சுமார் 1.87, 2.12 ஆங்ஸ்ட்ரம். அவற்றின் வித்தியாசமும் அதே 0.25! 2.4 பக்கம் எட்டிப்பார்த்த போலிப் பள்ளம் மூன்றாவது தூரம்போலவே கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. 1.6 பக்கம் இருந்த அதன் ஜோடியை மட்டும் இரைச்சல் என்று தள்ளிவிட்டேன். அதுதான் என் நேர்மை.

கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரே வரி எழுதினார்: 22-இல் வெட்டிக் காட்டுங்கள். காட்டினேன். முதல் இரண்டும் ஏறக்குறைய நின்ற இடத்தில் நின்றன, மூன்றாவது நகர்ந்துவிட்டது. கட்டுரையைத் திரும்பப் பெற்று, மறுபடி விண்ணப்பம் எழுதி, அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தேன்.

இப்போது மாதிரிக்குத் தரும் நேரத்தில் பாதியையாவது காலி கேனுக்குத் தருகிறேன். அதே அளவு கேன், அதே கற்றை அகலம். மாதிரியைச் சூடாக்கும் உலையில் வைத்து அளந்தால் காலி கேனும் உலைக்குள் போகும்.

சராசரியோடு சண்டை

120 டிகிரி செல்சியஸுக்கு மேல் பிராக் உச்சிகள் (படிகத்தின் சராசரி அமைப்பைச் சொல்பவை) பேரியம் டைட்டனேட்டைக் கனசதுரம் என்கின்றன. பிடிஎஃபில் அருகில் போய்ப் பார்த்தால் டைட்டானியம் மூலைவிட்டத் திசையில் விலகியே இருக்கிறது. 1968-இல் கோமே, லாம்பேர், கினியே என்ற மூன்று ஆய்வாளர்களும் பரவல் சிதறலை (உச்சிகளுக்கு நடுவே மங்கலாகப் பரவியிருப்பது) வைத்து சொன்னதும் இப்படியொரு சித்திரம்தான். இரண்டுமே சரி. கணக்கிட்ட அமைப்பைத் தரவோடு பொருத்தும்போது 10 ஆங்ஸ்ட்ரம் வரை ஒரு பொருத்தம், அதற்கு மேல் இன்னொன்று என்று தனித்தனியாகப் பாருங்கள்.

மாணவரின் வரைபடத்துக்கு வருவோம். எதுவும் சொல்லாமல் அவருடைய காலி கேன் கோப்பைத் திறந்தேன். இருபது நிமிடம்.