பிள்ளை பதிவிறக்கும் பாட்டு, பெற்றோர் பெயரில் உள்ள சிம்

மலையகத்துத் தோட்டங்களில் சிம் பெரும்பாலும் அப்பாவின் அல்லது அம்மாவின் அடையாள அட்டையில் எடுத்தது. பாவிப்பது பிள்ளை. களவாகப் பாட்டு இறக்கியதாகப் பிரச்சினை கிளம்பினால், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதலில் கேட்பார்கள்.

“சின்னப் பிள்ளைதானே” என்று விட்டுவிடாதீர்கள். 2018இல் திருத்தப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைப்படி, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால், செய்தது விளங்கும் பக்குவம் பிள்ளைக்கு இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். ஓ.எல். பரீட்சை எழுதப்போகும், 14 வயதைத் தாண்டிய பையனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுபவருக்கு 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் கொடுக்கிறது. எல்லோருக்கும் அந்த உச்சத் தண்டனை விழாது, உண்மைதான். ஆனால் 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் 5 இலட்சம் சேர்க்க 370 நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது.

“நம்ம கேட்கத்தானே” என்பதும் முழுச் சரியல்ல. சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்கலாம். அதுவும் முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து. களவுத் தளத்தில் கிடப்பது அப்படிப்பட்டதல்ல. டொரண்டில் இறக்கினால் நிலைமை இன்னும் மோசம்: பாட்டு நம் போனுக்கு வரும்போதே நம் போனிலிருந்து மற்றவர்களுக்கும் போய்க்கொண்டிருக்கும்.

எனக்கு ஆகப் பெரிய பயம் வேறு. அக்கம்பக்கத்தாரின் மெமரி சிப்புக்குப் பாட்டு ஏற்றிக் கொடுத்துப் பையன் 100 ரூபா வாங்குவான். வீட்டில் “கெட்டிக்காரன்” என்பார்கள். காசு கைமாறியதும் அது வியாபாரம். தயவுசெய்து அதை ஊக்குவிக்காதீர்கள்.

மேட்டு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) சிக்னல் ஒழுங்காக வராது, டேட்டாவும் விலை. அதனால்தான் பிள்ளைகள் இறக்கி வைக்கிறார்கள். திட்டுவதை விட, அனுமதி பெற்ற செயலி எது, களவுத் தளம் எது என்று கூட உட்கார்ந்து காட்டுவது நல்லது. அப்படித் தெளிவாகச் சொல்லி வைப்பதற்குச் சட்டத்திலும் பெறுமதி உண்டு. ஜெர்மனியில் 13 வயதுப் பையன் பாட்டுகளைப் பகிர்ந்த வழக்கில், முன்கூட்டியே தடுத்துச் சொல்லியிருந்த பெற்றோர் பொறுப்பல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. நமது நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் யோசிக்க வைக்கும் தீர்ப்பு.

“உங்க பிள்ளை மேல கேஸ் இருக்கு, காசு போடுங்க” என்று யாராவது போனில் மிரட்டினால் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். உண்மையாகவே கடிதமோ அழைப்பாணையோ வந்தால் பயத்தில் போனை அழிக்கவும் வேண்டாம், விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். கடிதத்தோடு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலவசமாக உதவுவதற்கே அது இருக்கிறது.