பிரையரை அகலமாக வைத்துவிட்டுப் பிரபஞ்சத்தின் மேல் பழி போடாதீர்கள்

பிரபஞ்சவியல் தரவோடு மாதிரிகளைப் பொருத்தும் கோபாயா நிரலை நிறுவி, அதில் பாலிகார்டு என்ற கணிப்பானை ஓடவிட்டால் எவிடென்ஸ், அதாவது ஒரு மாதிரியைத் தரவு எவ்வளவு ஆதரிக்கிறது என்ற எண், வந்துவிடும். கரும் ஆற்றல் மாறாமல் இருக்கும் வழக்கமான மாதிரியான லாம்டா சிடிஎம் ஒரு பக்கம், நமக்குப் பிடித்த புது மாதிரி மறுபக்கம். இரண்டின் எவிடென்ஸையும் வகுத்தால் பேய்ஸ் காரணி. அந்த எண்ணை வாசிக்கும் இடத்தில்தான் ஆண்டுதோறும் புதியவர்கள் அதே பள்ளத்தில் விழுகிறார்கள். நிரல் பிழைகளை இங்கே விட்டுவிடலாம், அவை தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

பிரையரின் அகலத்தை யோசிக்காமல் வைப்பது

பிரையர் என்பது தரவைப் பார்க்கும் முன் ஓர் அளவுருவுக்கு நாம் வைக்கும் பரவல்; போஸ்டீரியர் தரவைப் பார்த்தபின் கிடைப்பது. அளவுருவை மட்டும் மதிப்பிடும்போது, போஸ்டீரியர் பிரையருக்குள் அடங்கினால் போதும். பிரையர் எவ்வளவு அகலம் என்பது பெரிதாகத் தெரியாது. இந்தப் பழக்கத்தோடு மாதிரி ஒப்பீட்டுக்கு வருவதுதான் வினை. அளவுருவின் ஒரு மதிப்புக்குத் தரவு எவ்வளவு பொருந்துகிறது என்பது லைக்லிஹுட். அதைப் பிரையர் முழுக்கச் சராசரி எடுத்தால் கிடைப்பது எவிடென்ஸ். தரவு பொருந்தாத வெற்றிடத்தைச் சேர்க்கச் சேர்க்கச் சராசரி இறங்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 தரவை சூப்பர்நோவா, பிஏஓ (விண்மீன் மண்டலங்களின் பரவலில் பதிந்த பழைய ஒலி அலைகளின் தடம்) அளவீடுகளோடு சேர்த்தபோது கரும் ஆற்றலின் டபிள்யூ (அழுத்தத்துக்கும் ஆற்றல் அடர்த்திக்கும் உள்ள விகிதம்) −1.03 ± 0.03 என்று வந்தது. டபிள்யூ = −1 என்பது லாம்டா சிடிஎம். இது டபிள்யூவை நகரவிடும் விரிந்த மாதிரிக்குள்ளேயே ஒரு புள்ளி என்பதால் சாவேஜ்–டிக்கி விகிதம் போதும்: −1-இல் போஸ்டீரியரின் உயரத்தை அதே இடத்தில் பிரையரின் உயரத்தால் வகுக்க வேண்டும். காஸியன் என்று கொண்டால் போஸ்டீரியரின் உயரம் சுமார் 8.07.

பிரையர் −1.1 முதல் −0.9 வரை என்றால் விகிதம் 1.6, இயல் மடக்கை 0.5. முடிவு சொல்ல முடியாது. −2 முதல் 0 வரை என்றால் 16; மடக்கை 2.8. லாம்டாவுக்கு மிதமான ஆதரவு. −3 முதல் 1 வரை என்றால் 32; மடக்கை 3.5. தரவில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

அகலம் மட்டுமல்ல, இடமும் முக்கியம். காலத்தோடு மாறும் கரும் ஆற்றலான குயின்டெசன்ஸுக்காக −1 முதல் −1/3 வரை வைத்தால் அகலம் 0.67தான். ஆனால் போஸ்டீரியரின் பெரும்பகுதி −1-க்குக் கீழே வெளியே போய்விடுவதால் மடக்கை மறுபடி 3.5. ஆனால் இந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் இயற்பியல் கேள்வி இருக்கிறது. −3 முதல் 1 வரை என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ எழுதிவைத்த உள்ளீட்டுக் கோப்புதான் இருக்கிறது.

"தட்டையான பிரையர், ஆகவே நடுநிலை" என்ற வரிதான் எரிச்சலின் உச்சம். தட்டை என்பது எந்த அளவுருவில் தட்டை? 2017-இல் நியூட்ரினோ நிறைகளின் நேர்வரிசைக்கு (இரண்டு இலேசானவை, ஒன்று கனமானது) 42-க்கு 1 என்று ஒரு முடிவு வெளியானது. அந்த வலு தரவிலிருந்து வந்ததல்ல, நிறைகளுக்கு வைத்த பிரையரிலிருந்து வந்தது என்று உடனே மறுப்பும் வந்தது.

செய்ய வேண்டியது: தரவைத் தொடும் முன் எல்லைகளை இயற்பியல் காரணத்தோடு எழுதிவையுங்கள். பிறகு குறைந்தது மூன்று அகலங்களுக்கு மடக்கையைக் கொடுங்கள். போஸ்டீரியர் முழுக்க உள்ளே இருக்கும்வரை அகலம் இரட்டித்தால் மடக்கை 0.69 நகரும், மறுபடி ஓட்டத் தேவையில்லை. இந்த நகர்விலேயே முடிவு மாறினால், முடிவு இல்லை என்றுதான் எழுத வேண்டும்.

வெட்டிய பிரையரைச் சரிசெய்ய மறப்பது

விண்மீன் மண்டலங்களை அளக்கும் டெசி திட்டத்தின் ஆய்வுகளில், டபிள்யூவின் இன்றைய மதிப்பான டபிள்யூ-0 −3 முதல் 1 வரை, அது காலத்தோடு மாறும் அளவான டபிள்யூ-ஏ −3 முதல் 2 வரை. கூடவே இரண்டின் கூட்டல் சுழியத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. மொத்தப் பரப்பு 20, நிபந்தனைக்குப் பின் மிஞ்சுவது 15.5. வெட்டுப்பட்ட இடத்தில் லைக்லிஹுடைச் சுழியமாக்கி மட்டும் ஓட்டினால் எவிடென்ஸின் மடக்கை 0.25 குறைந்து நிற்கும்.

சிக்மாவைப் பேய்ஸ் காரணியாகப் படிப்பது

டெசியின் 2025 முடிவில், நுண்ணலைப் பின்னணித் தரவோடு சேர்த்தபோது, டபிள்யூவை மாறவிட்டதும் பொருத்தமின்மையின் அளவான கை-வர்க்கம் லாம்டா சிடிஎம்-ஐவிட 12.5 குறைந்தது, இரண்டு அளவுருக்களுக்கு அது 3.1 சிக்மா. பேய்ஸ் காரணியின் மடக்கைக்கு இதில் பாதி, அதாவது 6.25, ஏறத்தாழ மேல்வரம்பு. உண்மையான பிரையரோடு அது எவ்வளவோ கீழே இறங்கும்.

முரண்படும் தரவுகளைக் கலப்பது

பிளாங்க் 2018-இன் வெப்பநிலை, முனைவாக்கத் தரவை மட்டும் வைத்தால் தட்டைப் பிரபஞ்சத்துக்கு எதிராக 50-க்கு 1-ஐத் தாண்டுகிறது. பிஏஓ சேர்ந்தவுடன் வளைவு 0.001 ± 0.002. சேர்ந்த எண் அழகாக இருக்கிறது. ஆனால் வளைந்த மாதிரிக்குள் இந்த இரண்டு தரவுகளும் ஒன்றுக்கொன்று 2.5 முதல் 3 சிக்மா வரை முரண்படுகின்றன. முதலில் ஒத்துப்போகின்றனவா என்று சோதியுங்கள், கலப்பதைப் பிறகு பார்க்கலாம்.

லைவ் பாயின்டில் கஞ்சத்தனம்

லைவ் பாயின்ட் என்பது பாலிகார்டு போன்ற நிரல்கள் பிரையருக்குள் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் புள்ளிகள். எவிடென்ஸ் மடக்கையின் பிழை, தகவல் அளவை (பிரையரிலிருந்து போஸ்டீரியர் எவ்வளவு சுருங்கியது என்பதை) லைவ் பாயின்ட் எண்ணிக்கையால் வகுத்ததன் வர்க்கமூலம். தகவல் 35 நாட் (இயல் மடக்கையின் அலகு), புள்ளிகள் 500 என்றால் 0.26, இரண்டு ஓட்டங்களின் வித்தியாசத்தில் 0.37. மல்டிநெஸ்ட் என்ற இதேபோன்ற நிரலில் எவிடென்ஸுக்குத் திறன் அளவு 0.3, 0.8 என்பது அளவுரு மதிப்பீட்டுக்கு.

ஹார்மோனிக் சராசரி

போஸ்டீரியர் புள்ளிகளின் லைக்லிஹுடுக்கு ஹார்மோனிக் சராசரி எடுத்து எவிடென்ஸைக் கணிப்பதா? வேண்டாம்.

மடக்கையின் அடிமானம்

இயல் மடக்கையில் 5 என்றால் சுமார் 150-க்கு 1. பத்தடிமானத்தில் 5 என்றால் லட்சத்துக்கு 1. எது என்று அட்டவணையின் தலைப்பிலேயே எழுதுங்கள்.